கைப்பக்குவமும் கணக்கும்

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் முறுக்குக்கும் தம்ரூட்டுக்கும் என்ன வேலை என்று கேட்கும் அன்பர்கள் இருக்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆயினும் நம் இலக்கியம் அடுப்படியையும் அங்காடியையும் ஒருநாளும் ஒதுக்கி வைத்ததில்லை. சிலப்பதிகாரத்து இந்திரவிழவு ஊரெடுத்த காதையில் மருவூர்ப்பாக்கத்து வீதிகளைக் காட்டிச் செல்லும் இளங்கோவடிகள், பிட்டு விற்கும் காழியரையும் அப்பம் சுடும் கூவியரையும் பொன் வணிகர், மணி வணிகர் ஆகியோரோடு ஒரே காதையில் வைத்துப் பேசுகிறார். மதுரையில் பிட்டு விற்ற வந்தி என்னும் மூதாட்டியின் கதை நாம் அனைவரும் அறிந்தது. வைகைக் கரையை அடைக்கத் தன் பங்குக்கு ஆள் அனுப்ப வேண்டியிருந்த அவள், உதிர்ந்த பிட்டைக் கூலியாகத் தருவதாகப் பேசிக்கொண்டாள். அன்று பார்த்து அவித்த பிட்டெல்லாம் உதிர்ந்துபோயிற்று என்று கதை வழங்குகிறது. அதன் பக்திச் சுவையை ஒருபுறம் வைத்துவிட்டு வணிகவியல் மாணவன் ஒருவன் அதனைப் படித்தால், சேதாரம் எவ்வளவு என்று தெரியாமல் கூலி பேசினால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

வீட்டில் செய்யும் உணவுப்பொருளைத் தொழிலாக வளர்ப்பது பற்றி இன்று பேசாத மேடையில்லை. மகளிர் நாள் கூட்டங்களில் பேசுகிறோம். சுய உதவிக்குழு விழாக்களில் பேசுகிறோம். ஜமாஅத் பெரியோர்களும் பேசுகிறார்கள். “உங்கள் கைப்பக்குவம் ஊரறிய வேண்டும், துணிந்து பெரிதாகச் செய்யுங்கள்” என்பதே பெரும்பாலும் அப்பேச்சின் சாரம். இக்கட்டுரையாளர்க்கு அதில் உடன்பாடில்லை. பெரிதாகச் செய்யுமுன் ஒரு பெண் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உள்ளன. அவற்றைச் சொல்லாமல் துணிச்சலை மட்டும் ஊட்டுவது, நீந்தத் தெரியாதவரை ஆற்றில் இறக்கிவிட்டுக் கரையில் நின்று கைதட்டுவதற்கு ஒப்பாகும்.

மதுக்கரையை எடுத்துக்கொள்வோம். கோவையிலிருந்து பாலக்காடு செல்லும் பெருவழியும் இருப்புப் பாதையும் அருகருகே ஓடும் ஊர். 1930களிலிருந்து சிமெண்ட் ஆலையால் பெயர் பெற்ற ஊர். நீலாம்பூரிலிருந்து வரும் புறவழிச்சாலை இங்கு வந்து சேருகிறது. வாளையாறு எல்லை கூப்பிடு தொலைவு. சரக்கு வண்டிகளும் பேருந்துகளும் ஓயாத இந்தச் சாலையில் நேந்திரங்காய் வறுவல் விற்கும் கடைகளைக் காணாமல் யாரும் கடக்க முடியாது. போத்தனூர், குனியமுத்தூர், கரும்புக்கடை, உக்கடம் என்று நகரை நோக்கிச் செல்லச் செல்ல, கொங்கு வீட்டுச் சமையலும் இராவுத்தர் வீட்டுச் சமையலும் மலையாள வீட்டுச் சமையலும் அடுத்தடுத்த வாசல்களில் மணக்கின்றன. ஒரு வீட்டில் கச்சாயமும் ஒப்பிட்டும். அடுத்த வீட்டில் தம்ரூட்டும் நோன்புக் காலத்துச் சமோசாவும். அதற்கடுத்த வீட்டில் வறுவலும் ஊறுகாயும். சந்தைக்குப் பஞ்சமில்லை, சுவைக்கும் பஞ்சமில்லை. அப்படியிருந்தும் இரண்டு பெருநாள்கள் நன்றாக விற்ற வீட்டுத்தொழில் மூன்றாம் பெருநாளுக்குள் ஏன் நின்றுபோகிறது? இதற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்காரணம் ‘பதம்’ என்னும் ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது. தமிழாசிரியன் என்ற முறையில் இச்சொல்லின் மேல் எனக்குத் தனிப்பற்று உண்டு. பாகுக்கு ஒற்றைக் கம்பிப் பதம், இரட்டைக் கம்பிப் பதம், உருட்டுப் பதம், உடைபதம், மாவுக்கு ஈரப்பதம், சோற்றுக்கு ஒரு சோறு பதம். கண்ணும் விரலும் மூக்கும் சேர்ந்து அறிகிற அறிவை இவ்வளவு நுட்பமாகப் பெயரிட்டு வைத்திருக்கும் மொழி நம்முடையது. பாட்டியிடமிருந்து அன்னைக்கும், அன்னையிடமிருந்து மகளுக்கும் ஏட்டில் எழுதாமலே இவ்வறிவு வந்து சேர்ந்தது. ஆனால் இதே பதம்தான் தொழில் வளரும்போது தடையாகவும் நிற்கிறது. பதம் அறிந்தவர் ஒருவரே. அவர் காய்ச்சலில் படுத்தால் அன்று தொழிலும் படுத்துவிடும். மருமகள் செய்தால் “சென்ற முறைபோல் இல்லையே” என்கிறார் வாங்குபவர். வீட்டு விருந்தில் இச்சொல்லுக்குப் பெரிய பொருளில்லை. விலை கொடுத்து வாங்குபவர் சொன்னால் அது எச்சரிக்கை.

எனவே பதத்தை அளவாக மாற்ற வேண்டும். ஒற்றைக் கம்பிப் பாகு ஏறத்தாழ 106 முதல் 110 பாகை செல்சியசு வெப்பத்தில் வருகிறது. நீரில் விட்டால் மெல்லிய உருண்டையாகத் திரளும் பாகு 112 முதல் 116 பாகையில் வருகிறது. கடலைமிட்டாய்க்கு ஒத்த, கடித்தால் நொறுங்கும் பாகு 150 பாகையை ஒட்டி வருகிறது. பாகு காய்ச்சுவதற்கென்றே சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் வெப்பமானி ஒன்றை வாங்கி, பாட்டி “இப்போது இறக்கு” என்று சொல்லும் கணத்தில் அது காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டால், பாட்டியின் விரல் அறிவு பேத்தியின் குறிப்பேட்டில் ஏறிவிடும். அவ்வாறே ‘ஒரு படி மாவு’ என்பதும் நம்பத்தகாத அளவு. அழுத்தி அளந்த படி வேறு. சலித்துத் தளர அளந்த படி வேறு. நனைத்து இடித்த மாவின் எடை வேறு, வெயிலில் காயவைத்த மாவின் எடை வேறு. படியையும் உழக்கையும் பரணில் பத்திரமாக வைத்துவிட்டுத் தராசை அடுப்படிக்குக் கொண்டுவருவதே தொழிலின் முதல் நாள் வேலையாகும். சிட்டிகை உப்பையும்கூட நிறுக்கத்தான் வேண்டும். கேட்பவர்க்கு இது சிரிப்பூட்டலாம். பத்துக் கிலோ மாவுக்கு உப்புப் போட்டுப் பார்த்தவர் சிரிக்கமாட்டார்.

இன்னொரு செய்தியும் இங்கே சொல்லத்தக்கது. இரண்டு கிலோ அல்வா கிண்டிப் பழகியவர் பத்துக் கிலோவுக்கு எல்லாப் பொருளையும் ஐந்து மடங்காக்கிப் பெரிய உருளியில் இடுகிறார். பொருள் ஐந்து மடங்கானாலும் உருளியின் வாய் ஐந்து மடங்காவதில்லை. நீர் ஆவியாகும் பரப்புக் குறைவதால் நேரம் கூடுகிறது. நேரம் கூடுவதால் அடி பிடிக்கிறது, நிறம் கறுக்கிறது, நெய் கக்குகிறது. ஆதலால் பெரிய பாத்திரம் வாங்குவதைவிடத் தெரிந்த அளவையே பல ஈடுகளாகச் செய்வதுதான் தொடக்கத்தில் பாதுகாப்பானது. பழைய கல்யாணப் பண்டாரிகளுக்கு இந்தக் கணக்குக் கைவந்திருந்தது. மேடைப் பேச்சாளர்களுக்குத்தான் இது தெரியாது.

இரண்டாம் காரணம் கூலி. இதனைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும்; ஏனெனில் பெருந்தவறு நிகழும் இடம் இதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விலைவாசி ஊருக்கு ஊர் மாறும். எண்களை விட்டுவிட்டு முறையை மட்டும் கவனிக்க வேண்டுகிறேன். ஒரு வீட்டில் 5 கிலோ முறுக்குச் செய்ய அரிசிமாவு, உளுந்து, எண்ணெய், எள், வெண்ணெய் எல்லாம் சேர்த்து 900 ரூபாய் ஆகிறது என்று கொள்வோம். கிலோ 300 ரூபாய் என்று விற்றால் 1,500 ரூபாய். “அறுநூறு இலாபம்” என்கிறது குடும்பம். எரிவாயுவுக்கு 80, பைகளுக்கும் சீட்டுக்கும் 60, கொண்டுபோய்க் கொடுக்க 60 என்று கழித்தால் 400 நிற்கும். உடைந்தும் கருகியும் விற்க முடியாமற்போன அரைக் கிலோவுக்கு 150 கழித்தால் மிஞ்சுவது 250. மாமியார் ஆறு மணி நேரம், மருமகள் மூன்று மணி நேரம், ஆக ஒன்பது மணி நேர உழைப்பு. அதாவது ஒரு மணி நேரத்துக்கு 28 ரூபாய்கூட இல்லை.

இந்நிலையில், “உங்கள் முறுக்குக்கு ஈடில்லை, வாரம் 20 கிலோ கொடுங்கள்” என்று ஒரு கடைக்காரர் கேட்கிறார் என்க. வீட்டார்க்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி. இரவெல்லாம் விழித்துப் பிழிகிறார்கள். முடியாதபோது பக்கத்து வீட்டுப் பெண்ணை மணிக்கு 60 ரூபாய் கூலிக்கு அழைக்கிறார்கள். அந்தக் கணத்திலிருந்து ஒவ்வொரு மணி நேரமும் 32 ரூபாய் நட்டம். எவ்வளவுக்கு எவ்வளவு அதிகம் விற்கிறதோ அவ்வளவுக்கு அவ்வளவு நட்டமும் அதிகம். சரக்கு நன்றாகப் போகிறது, பெயரும் வந்துவிட்டது, கையில் மட்டும் காசில்லை. ஏனென்று யாருக்கும் விளங்குவதில்லை. உண்மை என்னவெனில், அத்தொழில் சிறிதாக இருந்தபோதும் இலாபத்தில் நடக்கவில்லை. இரண்டு பெண்களின் கூலியில்லா உழைப்பு அந்தக் குறையை மூடி மறைத்திருந்தது. வளர்ச்சி அந்த மூடியைத் திறந்துவிட்டது, அவ்வளவே. அதே முறுக்குக்கு ஒன்பது மணி நேரக் கூலியையும் சேர்த்து, விற்கத்தக்க நாலரைக் கிலோவுக்கு வகுத்துப் பார்த்தால் கிலோ ஏறத்தாழ 365 ரூபாய் அடக்கமாகிறது. இலாபம் அதற்கு மேல்தான் தொடங்கும்.

“வீட்டுப் பெண்கள் சும்மா இருக்கும் நேரத்தில் செய்வதுதானே” என்பார் உண்டு. சும்மா இருக்கும் நேரம் என்று ஒன்று எந்த வீட்டுப் பெண்ணுக்கு இருக்கிறது என்பதை அவர்கள் தத்தம் இல்லத்தில் விசாரித்துக்கொள்வார்களாக.

பெண்களின் உழைப்பைக் கூலியென்று மதித்து எண்ணியதாலேயே நிலைத்த ஒரு தொழிலை நம் நாட்டில் காணலாம். மும்பையில், கிர்காம் பகுதியிலுள்ள ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில், 1959ஆம் ஆண்டு மார்ச்சு 15ஆம் நாள் ஏழு பெண்கள் கூடி அப்பளம் இட்டார்கள். முதல் 80 ரூபாய்; அதுவும் சகன்லால் கரம்சி பாரேக் என்னும் சமூகத் தொண்டரிடம் கடனாகப் பெற்றது. அன்று உருவானவை நான்கு பொட்டலங்கள். இன்று நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் உரிமைப் பங்காளிகளாக உள்ள லிஜ்ஜத் அப்பளத்தின் தொடக்கம் இதுவே. அவ்வெழுவருள் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட் 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

இவ்வரலாற்றை நம் மேடைகளில் எண்பது ரூபாய் கோடிகளானது என்ற வியப்போடு முடித்துவிடுகிறார்கள். வியக்கத்தக்க செய்திகள் வேறு. தொடக்கத்தில் அப்பெண்கள் இரண்டு தரங்களில் அப்பளம் செய்து, மட்டரகத்தைக் குறைந்த விலைக்கு விற்க எண்ணினார்கள். பாரேக் அதனை மறுத்து, ஒரே தரம், அதுவும் உயர்ந்த தரம் என்றார். அறக்கொடை போல் நடத்தாமல் முறையான கணக்கோடு வணிகமாகவே நடத்துமாறும் அறிவுறுத்தினார். முதலாண்டு மழைக்காலத்தில் அப்பளம் காய வழியின்றி நான்கு மாதங்கள் தொழில் நின்றது. மறு ஆண்டு அவர்கள் ஒரு கட்டிலும் ஓர் அடுப்பும் வாங்கினார்கள். கட்டிலின் மேல் அப்பளம், கீழே அடுப்பு. அவ்வளவுதான் அவர்களின் முதல் உலர்த்தும் இயந்திரம்.

மதுக்கரைக்காரர்கள் இந்தக் கட்டிலை நினைவில் வைக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் தென்மேற்குக் காற்று சூன் தொடங்கிச் செப்டம்பர் வரை நம் பக்கத்து வானிலையை வேறாக்கிவிடுகிறது. பங்குனி, சித்திரையில் இரண்டு நாளில் சலசலவென்று காயும் வடகம், ஆடியில் நான்கு நாளாகியும் நமுத்துக் கிடக்கும். பங்குனி வெயிலை நம்பி ஆண்டு முழுமைக்கும் சரக்குத் தருவதாகக் கடைக்காரரிடம் ஒப்புக்கொண்டால் அந்த வாக்கு ஆடிக் காற்றோடு போய்விடும்.

லிஜ்ஜத் வளர்ந்த முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. மாவு பிசைவது பொது இடத்தில். எனவே சுவை ஒன்றே. அப்பளம் இடுவது அவரவர் வீட்டில். எனவே பெண்கள் வீட்டைவிட்டு நெடுநேரம் நீங்க வேண்டியதில்லை. காலையில் மாவை வாங்கிச் செல்லும்போதே முன்னாள் இட்ட அப்பளத்தைக் கொடுத்துக் கூலியைப் பெறுகிறார்கள். பதம் ஓரிடத்தில் காக்கப்படுகிறது. உழைப்பு பல இடங்களில் பரவுகிறது. நோன்புக்காலச் சமோசாவுக்குத் தகடு இட்டுத் தரும் நம் வீட்டுப் பெண்களை இம்முறையில் இணைத்துப் பார்க்கலாம். மைதா ஓரிடம், மசாலா ஓரிடம், தகடும் மடிப்பும் வீடுதோறும் என்று பிரித்தால், ஒரு மாதத் தொழிலை ஆண்டு முழுவதற்குமான தொழிலாக்க இடமுண்டு. இப்பொழுது நடப்பது என்ன? ஒவ்வொரு வீடும் தனித்தனியே செய்து, பக்கத்து வீட்டைவிட எட்டணா குறைத்து விற்று, பெருநாள் முடிந்ததும் இரு வீடும் ஓய்ந்து போகின்றன.

இதற்கு நேர்மாறான வழியும் வெற்றி கண்டிருக்கிறது. அதனை மறைப்பது நேர்மையாகாது. வயநாட்டில் கூலித் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்து, ஆறாம் வகுப்பில் தோற்று, பின்னர்க் கோழிக்கோட்டு மண்டலப் பொறியியற் கல்லூரியிலும் பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்திலும் பயின்ற பி. சி. முஸ்தபா, மளிகைக் கடை நடத்திய தம் உறவினர் சகோதரர்களோடு சேர்ந்து 2005இல் பெங்களூரில் இட்லி, தோசை மாவு விற்கத் தொடங்கினார். ஓரிரு அரவை இயந்திரங்களோடு சின்னஞ்சிறு அறையில் தொடங்கிய தொழில். நாளொன்றுக்கு 100 பொட்டலம் என்னும் இலக்கை எட்டவே அவர்களுக்கு ஒன்பது மாதங்கள் ஆயின. ‘ஐடி’ என்னும் அந்த நிறுவனத்தில் 2014இல் ஹீலியான் என்ற முதலீட்டு நிறுவனம் 35 கோடி ரூபாய் முதலீடு செய்தது. 2017இல் பிரேம்ஜி இன்வெஸ்ட் சேர்ந்தது.

மாணவர்கள் கோடிகளைப் பார்க்கிறார்கள். நான் அந்த ஒன்பது மாதங்களைப் பார்க்கச் சொல்வேன். மாவு உயிருள்ள பொருள். பொட்டலத்துக்குள்ளும் புளித்துக்கொண்டே இருக்கும், பொட்டலம் உப்பும், வெயிலில் வைத்தால் வெடிக்கும். எந்தக் கடையில் எத்தனை விற்கும், எத்தனை திரும்பி வரும், குளிர்பெட்டியை இரவில் அணைத்துவிடும் கடைக்காரர் யார் என்பதையெல்லாம் கற்றுக்கொள்ள ஒன்பது மாதம் நெடுங்காலமன்று. அவர்கள் கண்டுபிடித்தது புதிய உணவும் அன்று. அரைப்பதற்கு நேரமில்லாத வீட்டுக்கு அரைக்கும் உழைப்பை விற்றார்கள். அந்த உழைப்பை இயந்திரத்துக்கு மாற்றிய பெருமை நம் கோவைக்கே உரியது என்பதை இங்குச் சொல்லாமல் போக மனமில்லை. 1955இல் ப. சபாபதி இங்கு உருவாக்கிய மாவரைக்கும் இயந்திரமே பின்னாளில் தென்னாட்டு வீடுகளின் ஆட்டுக்கல்லை ஓய்வெடுக்க வைத்தது. ‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது.

ஈரோட்டில் 1975இல் மஞ்சள் வணிகராகத் தொடங்கிய பி. சி. துரைசாமி, சக்தி மசாலாவைக் கட்டியெழுப்பியதும், 1948இல் என். கே. மகாதேவ ஐயர் கோவையில் தொடங்கிய கடை, கல்லாய் இருந்த மைசூர்பாகை நெய்யில் இளக்கி ‘மைசூர்பா’ என்று பெயர்பெற வைத்ததும் நம் மண்டலத்தார் நன்கறிந்தவை, அவற்றை விரிக்கவில்லை. ஒன்றை மட்டும் குறிப்பிடலாம். ஒரு பொருளில் பெயர் நிலைத்த பிறகே இவர்கள் அடுத்தவற்றுக்குப் போனார்கள். நம் வீட்டுத்தொழில்களோ முதல் மாதத்திலேயே பதினாறு பண்டங்களின் விலைப்பட்டியலைக் கைப்பேசியில் அனுப்பிவிடுகின்றன.

ஊரின் பெயரே முத்திரையாகும் வழியும் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் பழநிப் பஞ்சாமிர்தமும் 2019இல், கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020இல், மணப்பாறை முறுக்கு 2023இல் புவிசார் குறியீடு பெற்றன. பழநிப் பஞ்சாமிர்தத்துக்குக் கொங்கு நாட்டுக் கவுந்தப்பாடியிலிருந்து நாட்டுச்சர்க்கரை போகிறது. அதில் சொட்டு நீர் சேர்ப்பதில்லை. சர்க்கரையும் தேனும் பழத்திலுள்ள நீரைப் பிணைத்து வைத்துக்கொள்வதால் கிருமிகள் வளர இடமின்றி அது கெடாதிருக்கிறது. பண்டம் கெடாதிருக்கும் காரணம் செய்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதனைச் சொன்னேன். தம்ரூட்டில் பாலும் முட்டையும் உண்டு. முறுக்கில் ஈரமில்லை, ஆனால் எண்ணெய் காறிப்போகும். ஒன்று நாள் கணக்கில் கெடும், மற்றது வாரக் கணக்கில் கெடும். இரண்டுக்கும் ஒரே கெடுநாளை அச்சிட்ட சீட்டுகளையும் கடைகளில் காண்கிறோம்! செய்த பண்டத்தில் ஒரு பொட்டலத்தை ஒவ்வொரு ஈட்டிலும் எடுத்து வைத்து, நாள்தோறும் பிரித்து முகர்ந்து சுவைத்து, எந்நாளில் மாறுகிறது என்று எழுதிவைப்பது காசில்லாத ஆராய்ச்சி. ஐயம் எழுந்தால் மருதமலைச் சாலையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் அறுவடை பின்சார் தொழில்நுட்ப மையத்தில் குறுகிய காலப் பயிற்சிகள் நடைபெறுகின்றன. பேருந்தில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். போகிறவர்தாம் குறைவு.

சட்டம் பற்றிச் சுருக்கமாகச் சொல்வேன். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டப்படி வீட்டில் செய்து விற்பவரும் பதிவு பெற வேண்டும். 14 இலக்க எண் தருவார்கள். அதனைப் பொட்டலத்தில் அச்சிட வேண்டும். நிகர எடை, விலை, செய்த நாள், செய்தவர் முகவரி, சைவமா அசைவமா என்னும் குறி ஆகியனவும் வேண்டும். முட்டை சேர்த்த தம்ரூட்டுக்குப் பச்சைக் குறி இட்டால் அது தவறு. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய்க்கும் 2018 முதல் வரம்பு உண்டு. இவற்றைத் தொல்லையென்று கருதுவோர் பலர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. முகவரி அச்சிட்ட பொட்டலத்தை விற்பவர், குறை சொல்ல வருபவர்க்குக் கதவைத் திறந்து வைக்கிறார். வாங்குபவர் அதைத்தான் நம்புகிறார். இங்குத் தமிழ் மாணவர்க்கும் வேலை இருக்கிறது. நம் ஊரில் செய்து நம் ஊரில் விற்கும் பொட்டலத்தில் ‘ஹோம்மேட்’ என்பதைத் தவிரத் தமிழ் எழுத்தில்கூட வேறொன்றும் இராத சீட்டைப் பார்க்கும்போது, படிக்கத் தெரிந்த அக்கறையுள்ள பிள்ளை அந்த வீட்டில் ஒருவரும் இல்லையோ என்று எண்ணத் தோன்றுகிறது. என்னென்ன சேர்த்தோம், எத்தனை நாள் வைத்து உண்ணலாம் என்பவற்றை நல்ல தமிழில் நான்கு வரி எழுதித் தருவது மூன்றாண்டு இலக்கியம் படித்தவர்க்கு இயலாததா?

முதலைப் பற்றி ஒரு சொல். 2020இல் தொடங்கிய, குறு உணவுத் தொழில்களை முறைப்படுத்தும் நடுவண் அரசுத் திட்டம், வங்கிக் கடனோடு இணைந்து திட்டச் செலவில் 35 விழுக்காடு, உச்சமாக 10 இலட்சம் ரூபாய் வரை மானியம் தர வகை செய்தது. சுய உதவிக்குழு உறுப்பினர் ஒருவர்க்கு 40,000 ரூபாய் தொடக்க முதலும் அதில் உண்டு. மானியம் நல்லதே. ஆனால் மானியத்துக்காக இயந்திரம் வாங்குவது மிகக் கெட்டது. முறுக்குக்கு அடக்கவிலை தெரியாத வீட்டில் முறுக்கு இயந்திரம் வந்து இறங்கினால், மணிக்கு 28 ரூபாயில் தோற்றவர் அதைவிட வேகமாகத் தோற்பார். கடன் தவணை வேறு கழுத்தில் ஏறும்.

வட்டிக்கு அஞ்சி, வட்டி ஆகாதென்ற மார்க்க நெறியாலும் வங்கிப் படியேறாத குடும்பங்கள் நம் சமுதாயத்தில் பல. அவர்களிற் சிலர் கடைசியில் வாரத்தவணைக்காரரிடம் போய்ச் சேர்கிறார்கள் என்பது எல்லாவற்றிலும் கொடுமை. ஜமாஅத்துப் பெரியோர்களை இங்கு உரிமையோடு கேட்கிறேன். திருமண உதவி, மருத்துவ உதவி என்று பொதுநிதியிலிருந்து தாராளமாகத் தருகிறோம். வீட்டில் உணவு செய்து விற்கும் பெண்ணுக்கு ஐயாயிரமோ பத்தாயிரமோ வட்டியில்லா அழகிய கடனாக ஏன் தரலாகாது? தராசு, வெப்பமானி, பை ஒட்டும் கருவி, பதிவுக் கட்டணம், முதல் மாதச் சரக்கு இவ்வளவும் அத்தொகைக்குள் அடங்கும். நிபந்தனை ஒன்றே: கணக்கேடு எழுத வேண்டும், அதில் அவர் தம் கூலியையும் எழுத வேண்டும். தவணை வாங்க வருபவர் முதலில் அந்த ஏட்டைப் பார்க்கட்டும். கடனைத் திருப்பத் தாமதமானால் காரணமும் அதிலேயே இருக்கும். கொடையாகக் கொடுப்பதைவிட இது பெரியோர்களுக்கும் கூடுதல் வேலைதான். மாதந்தோறும் உட்கார்ந்து ஏடு பார்க்க வேண்டும். அந்த வேலைக்கு ஆள் இல்லை என்பார்களாயின், வணிகவியல் படிக்கும் நம் மாணவியர் இருக்கிறார்கள்.

உறவினர் கடன் என்று மற்றொன்று உண்டு. எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுதியாக வேண்டும். வீட்டுத்தொழிலின் முதல் வாடிக்கையாளர் உறவினர். முதற்கடனாளியும் அவரே. “மச்சி, இரண்டு கிலோ அனுப்பி வை, பெருநாள் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்” என்கிறார். பெருநாள் கழிகிறது, பார்த்துக்கொள்ளத்தான் யாருமில்லை. கேட்டால் பகை, கேளாவிட்டால் நட்டம். பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே வணிகம் என்று வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தில் விற்பவர்க்குச் சொன்னார். அதே நடுவுநிலைமை வாங்குபவர்க்கும் வேண்டாமா? சரக்கைப் பெறும்போதே பணம் தருவதுதான் உறவுக்குச் செய்யும் உண்மையான உதவி. “நம் பிள்ளை செய்வது” என்று வாயார வாழ்த்திவிட்டு விலையில் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லும் பெரியவர், அந்த மணிக்கு 28 ரூபாயிலிருந்துதான் அப்பத்து ரூபாயை எடுக்கிறார் என்பதை அறியார்.

இவ்வளவும் சொன்னபின், எல்லா வீட்டுத்தொழிலும் வளர்ந்தே தீர வேண்டுமா என்று கேட்கத் தோன்றுகிறது. என் கருத்தில் வேண்டியதில்லை. வாரம் 10 கிலோ செய்து, சரியான விலைக்கு விற்று, இரு பெண்களின் கூலியும் சிறிது இலாபமும் கையில் நிற்க, பிள்ளைகளின் படிப்புச் செலவைத் தாங்கும் தொழில் ஒரு முழுமையான தொழில்தான். அது பெரிய நிறுவனம் ஒன்றின் குழந்தைப் பருவம் என்று கருதி ஏங்க வேண்டியதில்லை. வாரம் 20 கிலோ கேட்கும் கடைக்காரரிடம் “பத்துக்கு மேல் இப்போது இயலாது” என்று சொல்லும் பெண்ணைத் துணிவற்றவர் என்று யாரும் எண்ண வேண்டா. அவர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறார். வளர விரும்புபவரும் அதே கணக்கைப் போட்டுவிட்டுத்தான் ‘ஆம்’ என்று சொல்ல வேண்டும்.

கடைசியாக மலர்க் குழுவினர்க்கு ஒரு வேண்டுகோள். இது போன்ற மலர்களின் பின்பகுதியில் நகைக்கடை, துணிக்கடை, இரும்புக்கடை, பயண நிறுவனம் என்று வாழ்த்து விளம்பரங்கள் நிறைந்திருக்கும். அடுத்த மலரில் ஒரு பக்கத்தைக் கட்டணமின்றி ஒதுக்கி, நம் மாணவ மாணவியர் இல்லங்களில் செய்து விற்கும் பண்டங்களைப் பட்டியலிட்டால் என்ன? பண்டத்தின் பெயர், நிகர எடை, விலை, எத்தனை நாள் கெடாதிருக்கும், பதிவு எண், இத்தனையும் தமிழில். பதிவு எண் இல்லாதவர்க்கு இடமில்லை என்று இப்பொழுதே அறிவித்துவிட்டால், மலர் அச்சுக்குப் போவதற்குள் விண்ணப்பித்துப் பெற்றுக்கொள்ள அவர்களுக்குப் போதிய காலம் இருக்கிறது.